நீல டியூபின் மறுமுனை

என் மறுமுனைக்காரிக்கு,

இன்று காலை ஸ்ரீவராகத்து மாமி வீட்டின் பின்கட்டில் நின்றுகொண்டு வேலைச் சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பூச்சுக் கரண்டி விழுந்தது. வெள்ளை ரப்பர் சுத்தியல் விழுந்தது. நூல்கண்டு உருண்டோடி மூலையில் போய் நின்றது. எல்லாவற்றுக்கும் கடைசியில், சுருட்டிக் கட்டிய உன் லெவல் டியூப் தொப்பென்று விழுந்தது. அதன் வாயோரத்தில் நீலம் காய்ந்து ஒட்டியிருந்தது.

குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் நிரப்பினேன். நான் ஒரு சொட்டு நீலம்கூட விடவில்லை, சத்தியம். ஆனாலும் உள்ளே போன தண்ணீர், வெள்ளை வேட்டி அலசிய வாளித் தண்ணீரைப் போல மெல்ல நிறம் மாறியது. நீ போய் ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்துவிட்டது. உன் நீலம் இன்னும் தீரவில்லை. அங்கேயே குந்தி உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், பிறகு சிரித்தேன். இன்று நடந்ததை முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

டியூப் என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையை இந்தச் சுவரில் ஒருத்தி பிடிக்க வேண்டும், மறுமுனையை அந்தச் சுவரில் இன்னொருத்தி பிடிக்க வேண்டும். ஆட்டம் நின்றதும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அந்த இரண்டு இடத்திலும் பென்சிலால் கோடு போட்டால் அறைக்கு மட்டம் கிடைத்துவிடும். நிறமில்லாத தண்ணீர் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது என்று துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை அதில் கலந்தவள் நீ. எந்நேரமும் உன் கட்டைவிரல் நீலமாகவே இருக்கும். சபையில் ராப்போஜன அப்பம் வாங்கக் கை நீட்டும்போது போதகர் ஐயர் உன் விரலைப் பார்த்துச் சிரிப்பார் என்று நீயே சொல்வாய்.

நாம் முதலில் பேசிக்கொண்டது தம்பானூர் ஸ்டேஷன் வாசலில், மேஸ்திரியின் வண்டிக்குக் காத்து நின்றபோது. நீ பாறசாலைப் பக்கத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கியிருந்தாய். நான் வித்துராவிலிருந்து முதல் பஸ்.

"நீ எந்தூருட்டி?" என்றாய்.

"பொறந்தது போனக்காடு. இப்ப வித்துரா."

"தேயில மலையா? அப்ப சொமக்க ஒனக்கு யாரும் படிப்பிக்க வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை. சாயங்காலம் கை கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்று, "கோவப்படாத மக்கா, நானும் சொமக்கத்தான் வந்திருக்கேன்" என்றாய். அதற்கு மேல் கோபத்தை இழுத்துப் பிடிக்க எனக்குத் தெம்பில்லை.

சுமந்தோம். கலவைச் சட்டி, டைல் பெட்டி, மணல், தண்ணீர். மைக்காடு என்று நம்மைச் சொல்வார்கள், கையாள் என்று அர்த்தம். ஆண்கள் கரண்டி பிடிப்பார்கள், பெண்கள் சட்டி பிடிப்பார்கள். எவன் போட்ட சட்டமோ, எந்த சைட்டுக்குப் போனாலும் அதுதான் நடப்பு. நம் இரண்டு பேருக்கும் வேறொன்று வேண்டியிருந்தது. ஒரே ஒரு தரை, ஒரு சின்ன அறையாக இருந்தாலும் போதும், முழுக்க நம் கையால் போட வேண்டும். போட்டது நாங்கள்தான் என்று கரண்டி பிடிக்கிறவர்கள் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும். ரயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவது போல அதைப் பற்றி தினமும் பேசுவோம்.

பேச்சோடு நிற்கவில்லை. நாம் சொந்தமாகச் சாமான் வைத்திருந்தோம். பள்ளிக்கூடப் பிள்ளை பை சுமப்பது போல அதை தினமும் சைட்டுக்குக் கொண்டுபோய், தினமும் அப்படியே திரும்பக் கொண்டுவந்தோம். என் சாக்கில் ஒரு புதுக் கரண்டியும் வெள்ளை ரப்பர் சுத்தியலும். கறுப்பு ரப்பர் வெளுத்த டைலில் கறை போடும் என்று கடைக்காரனோடு சண்டை போட்டு வாங்கிய சுத்தியல் அது. உன் சாக்கில் டியூபும் கரண்டியும். உன் கரண்டி புதிதல்ல. உன் வீட்டு முற்றம், கோழிக்கூடு, அக்கம்பக்கத்துத் துணி துவைக்கும் கல் எல்லாம் பூசிப் பூசித் தேய்ந்தது. நீ இடக்கைக்காரி. அதனால் எல்லோர் கரண்டியும் ஒரு பக்கம் தேய்ந்தால் உன்னுடையது எதிர்ப்பக்கம் தேய்ந்திருந்தது. நான் அதைக் கையில் எடுத்தால் மாற்றுச் செருப்புப் போட்டது போல இருக்கும்.

சோற்றுப் பொதியை அவிழ்க்கும்போது நமக்கு ஒரு வழக்கமான சண்டை உண்டு. எல்லாச் சாமானும் ஆற்றில் போகிறது, ஒன்றை மட்டும் பிடிக்கலாம் என்றால் எதைப் பிடிப்பாய்? நான் சுத்தியல் என்பேன். டைலின் மேல் மெல்லத் தட்டினால் அடியில் கலவை நிறைந்திருக்கிறதா, பொள்ளலா என்று சத்தமே சொல்லிவிடும். நீ டியூப் என்பாய்.

"ஓட்ட விழுந்தா ஒண்ணுக்கும் ஆவாத குழாய்க்கா இம்புட்டு பவுசு?" என்பேன்.

"ஒன் சுத்தியல நீ ஒருத்தியே பிடிக்கலாம். இதப் பிடிக்க இன்னொருத்தி வேணும். அதான் பவுசு" என்பாய்.

இனி மாமி வீட்டுக்கு வருகிறேன். அந்த நவராத்திரியை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் என் வாயால் ஒருமுறை கேள்.

மாமி அந்த அக்ரஹாரத்து வீட்டின் பின்கட்டை இடித்துப் புது அடுக்களை கட்டிக்கொண்டிருந்தாள். விஜயதசமி அன்று விடியற்காலையில் அங்கே பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. அடுக்களையை ஒட்டிப் பூஜை உள், அதாவது சாமி அறை. தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டு அலம்பும் வீடு அது. அலம்பிய தண்ணீர் பின்சுவரின் அடியில் உள்ள துளை வழியாக வெளியே போக வேண்டும். அந்தத் துளையை ஓவு என்பார்கள். ஆகவே தரை முழுக்க ஓவை நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத சரிவு இருக்க வேண்டும். நம் மேஸ்திரி அதை நன்றாகவே போட்டுக்கொண்டு வந்தார். நல்ல வேலைக்காரர் அவர், அதில் எனக்கு மறுபேச்சில்லை.

அஷ்டமி அன்று சாயங்காலம், பூஜை உள் வாசலை ஒட்டிய வரிசைகள் மட்டும் பாக்கி. அப்போது மாமி வந்து, "இந்த அடுக்களையைக் கட்டின ஆயுதமெல்லாம் எங்காத்துப் பூஜையிலேயே இருக்கட்டும், நல்ல நேரம் போயிண்டிருக்கு, எல்லாத்தையும் கொண்டாங்கோ" என்றாள். ஒருமுறை பூஜையில் வைத்துவிட்டால் தசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. மேஸ்திரிக்கு அதில் அசைக்க முடியாத நம்பிக்கை. கரண்டி, சுத்தியல், டைல் வெட்டும் மெஷின், அவருடைய டியூப், எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பலகையில் வரிசையாக வைத்தார். மாமி சந்தனமும் குங்குமமும் வைத்தாள். "உனக்கும் ஏதாவது இருக்காடி?" என்று என்னைக் கேட்டாள். நான் ஓடிப்போய் என் கரண்டியையும் சுத்தியலையும் கொண்டுவந்து மேஸ்திரியின் சாமானுக்குப் பக்கத்தில் வைத்தேன். சிமெண்டையே பார்க்காத என் கரண்டி நேராகச் சாமியைப் பார்த்தது. நீ வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

பாக்கி வரிசைகளை மேஸ்திரி வெறும் கையாலும் ஒரு மரத்துண்டாலும் போட்டு முடித்தார். மட்டம் பார்க்க டியூப் இல்லை. நீ மெல்லக் கேட்டாய்: "மேஸ்திரி, என் டியூப் சாக்குல கெடக்கு. ஒரு பக்கம் நான் பிடிக்கட்டா?"

"ஒனக்கெதுக்கு டியூப்? கலவை கொண்டா. எனிக்குக் கண்ணளவு போதும்" என்றார் தன் மலையாளத் தமிழில்.

மறுநாள் நவமி. கூலி வாங்கிப் போகலாம் என்று நாம் இருவரும் காலையில் வந்தோம். உள்ளேயிருந்து மாமியின் குரல்: "ஐயையோ, என்னடிது, ஜலம் பூஜை உள்ளுக்குன்னா போறது!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். மாமி புதுத் தரையில் முதல் குடம் தண்ணீரை விட்டிருக்கிறாள். முக்கால் தரையில் தண்ணீர் ஒழுங்காக ஓவுக்குப் போகிறது. வாசலோரத்தில் விட்டது மட்டும் திரும்பி, அலட்டிக்கொள்ளாமல் நிலைப்படியைத் தாண்டி, பலகையில் சந்தனத்தோடு வீற்றிருக்கும் ஆயுதங்களின் காலடிக்குப் போய்க்கொண்டிருந்தது. மேஸ்திரியின் டியூப் இருந்தது அந்தப் பலகையில்தான். அது நனைந்துகொண்டிருந்தது.

போன் போட்டதும் மேஸ்திரி வந்தார். கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார், வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். குனிந்து பார்த்தார். "தப்பு என்டதாக்கும் மாமி" என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார். "நாளை பூஜை எடுத்ததும் சரியாக்கித் தாறேன்."

"நாளைக்கு விடியறச்சே பால் காய்ச்சணும். அடுக்களை அலம்பின எச்சில் ஜலம் ஸ்வாமி கிட்டே போற அடுக்களையிலே நான் கால் வெக்கமாட்டேன்" என்றாள் மாமி. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஊரெல்லாம் அழைத்தாயிற்று. "இன்னிக்கே பண்ணித் தாயேன்."

"இன்னைக்கு நவமியாக்கும், ஞான் வேலை ஒண்ணும் தொடமாட்டேன். அம்மையாணை" என்றார் மேஸ்திரி.

அப்போது நீ சாக்கைத் தோளிலிருந்து இறக்கினாய். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

"மாமி, என் சாமான் பூஜையில இல்ல. நான் வேதக்காரி, சபைக்குப் போறவ. நாங்க போடுதோம்."

"நாங்கன்னா? இவ நம்மவாளாச்சே, இவ ஆயுதம் உள்ளே இருக்கே" என்று மாமி என்னைக் காட்டினாள்.

"இவ கரண்டிதான சாமிகிட்ட இருக்கு. கை இங்கதான இருக்கு" என்றாய் நீ.

மாமி என் கையைப் பார்த்தாள். உன் சாக்கைப் பார்த்தாள். "அரிவாள்மணையையும் அடுப்பையும் நான் பூஜையிலே வெக்கறதில்லையே. வெச்சா நவமிக்கு யார் சுண்டல் பண்ணுவா? ஆத்துக்கு அவசியமானது வெளியிலேதான் இருக்கணும்" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். பிறகு நம்மைப் பார்த்து, "பண்ணுங்கோடி" என்றாள்.

மேஸ்திரி, "பெண்ணுங்க போட்டு நாளைக்கு இளகினா?" என்று இழுத்தார். "இளகினா ஒங்க கண்ணளவு வச்சு சரி பண்ணுங்க" என்றேன் நான். எனக்கு வாய் சும்மா இருக்காது, தெரியுமே. அவர் முற்றத்துப் படியில் போய் உட்கார்ந்தார். பழக்கத்தில் எதையாவது எடுத்துவிடுவோமோ என்று பயந்து இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டார். அன்று முழுக்க அப்படியே இருந்தார், பாவம்.

நமக்கு இருந்த ஒரே பயம், டைல் உடைந்தால் மாற்று இல்லை. இருந்ததெல்லாம் போட்டாயிற்று, வெட்டும் மெஷின் சாமியோடு இருக்கிறது. போட்டு ஓர் இரவுதான் ஆகியிருந்ததால் கலவை முழுக்க இறுகவில்லை. அதுதான் நம் அதிர்ஷ்டம். தட்டித் தளர்த்தச் சுத்தியல் வேண்டும். மாமியே உள்ளே போய் தயிர் கடையும் பெரிய மத்தைக் கொண்டுவந்து, அதன் தலையில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டிக்கொடுத்தாள். நான் மத்தால் ஓரம் ஓரமாகத் தட்டிச் சத்தம் கேட்பேன். பொள்ளல் சத்தம் வந்த இடத்தில் நீ கரண்டி நுனியைச் செருகி நெம்புவாய். முதல் டைல் முனகிக்கொண்டே மேலே வந்தபோது நாம் இருவரும் மூச்சு விடவில்லை. இரண்டாவது வந்தது. பிறகு மடமடவென்று வந்தன. ஒன்றுகூட உடையவில்லை.

கடைசி டைலை நீ எடுக்கும்போது அது வழுக்கியது. கீழே விழாமல் பிடித்துவிட்டாய். பிடித்தது இடக்கையால். டைலின் விளிம்பு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது.

இரத்தம் சொட்டியது. மாமி மஞ்சளை அப்பிக் கட்டுப் போட்டாள். சிமெண்டு பட்டால் எரியும், கரண்டி பிடிக்க முடியாது. உன்னால் வலக்கையில் கரண்டி பிடிக்க வரவே வராது. வாசலோரம் முழுக்கப் பல் போன வாய் போலத் திறந்து கிடக்கிறது. முற்றத்தில் மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். முடிந்தது, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். இத்தனை நாள் கேட்டது கையில் கிடைத்த அன்றைக்கே நழுவுகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

நீ உன் கரண்டியை என்னிடம் நீட்டினாய். "பிடி மக்கா."

"இது ஒன் கைக்குத் தேஞ்சது. எனக்கு வராது."

"பிடிச்சுப் பாரு."

கலவையை அள்ளிப் போட்டு, வழக்கம் போல் என் பக்கமாக இழுத்தேன். கோணலாகக் கோடு விழுந்தது. மறுபடி இழுத்தேன், மறுபடி கோணல். கரண்டியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. நீ என் பின்னால் குனிந்து, காதருகே சொன்னாய்: "இழுக்காத. தள்ளு."

தள்ளினேன். தேய்ந்த விளிம்பு கலவையின் மேல் சறுக்கிக்கொண்டு போனது. வெண்ணெய் தடவியது போலத் தரை மட்டமாக விரிந்தது. நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். உனக்குக் கையில் அத்தனை வலி இருந்திருக்கும், ஆனால் முகமெல்லாம் பல்.

டியூபின் ஒரு முனையை நீ வலக்கையால் ஓவுப் பக்கம் பிடித்தாய். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும், நான் கலவையில் இருக்கிறேன். "மேஸ்திரி, ஒரு கை" என்று கூப்பிட்டாய். அவர் அக்குளிலிருந்து கையை எடுக்காமலே தலையை ஆட்டினார். மாமி மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து முனையை வாங்கினாள்.

"நின்னாச்சா மாமி?"

"இல்லேடி, ஆடிண்டே இருக்கு."

"ஆடட்டும். வெள்ளத்துக்கு ஒரு அவசரமும் கெடையாது மாமி" என்றாய். தண்ணீர் உன் வாயில் எப்போதும் வெள்ளம்தான்.

நீ மட்டம் சொல்லச் சொல்ல நான் கலவை போட்டுத் தள்ளினேன், டைலை வைத்தேன், மத்தால் தட்டினேன், இடைவெளிக்குத் தீக்குச்சி செருகினேன். வாசலோரம் உயர்ந்து, ஓவுப் பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்து, தரை ஒழுங்குக்கு வந்தது. மேஸ்திரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அந்த மூலை... அந்த மூலை பொங்கியிருக்கு" என்று படியிலிருந்தே கத்தினார்.

"வாய மட்டும் பூஜைக்கு வைக்கலியா மேஸ்திரி?" என்றேன்.

மாமி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். ஆனால் அவர் சொன்ன மூலை பொங்கித்தான் இருந்தது. தட்டி இறக்கினேன். வேலைக்காரர் வேலைக்காரர்தான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கடைசி டைல் உட்கார்ந்தது. எல்லோரும் நிலைப்படியில் நின்றோம். மாமி ஒரு சொம்புத் தண்ணீரை, குழந்தைக்குத் தலையில் விடுவது போல மெல்ல விட்டாள். தண்ணீர் விழுந்த இடத்திலேயே நின்றது. பிறகு அதன் ஒரு விளிம்பு நீண்டது. அங்கே போகவா இங்கே போகவா என்று யோசித்தது போல இருந்தது. யோசித்து முடித்ததும் விறுவிறுவென்று ஓடி, அடுக்களையைக் குறுக்கே கடந்து, ஓவுக்குள் சரேலென்று விழுந்தது.

நீ போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு நீ குதிக்க, நான் உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குதிக்க, மாமி "ஈரத் தரையிலே ஆடாதேங்கோடி!" என்று கத்த, பெரிய கூத்து. மேஸ்திரி நிலைப்படிக்கு வந்தார். தரையைப் பார்த்தார். ஓவைப் பார்த்தார். "நாளை கழிஞ்சு பேட்டயில ஒரு வீடு இருக்கு. ரெண்டு பேரும் கரண்டியோட வாங்க, மேஸ்திரிமாரே" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் நீ குதிப்பதை நிறுத்திவிட்டு அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

மறுநாள் விடியலில், ஈரத் தரைக்குக் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல் நின்று மாமி பால் காய்ச்சினாள். பால் பொங்கி வழிந்தது. வழிந்ததும் தரையில் இறங்கி நேராக ஓவைப் பார்த்துப் போனது. "பாலுக்கும் வழி தெரிஞ்சு போச்சு" என்று நீ என் காதில் சொன்னாய். பூஜை எடுத்ததும் மாமி என் கரண்டியைச் சந்தனப் பொட்டோடு கையில் கொடுத்தாள். அது சாமி கும்பிட்ட கரண்டி என்று அப்புறம் நீ எத்தனை காலம் கேலி செய்தாய்!

அதற்குப் பிறகு இந்த நகரத்தில் நாம் போடாத தரையா? பேட்டையில், கரமனையில், வழுதக்காட்டு மாடி வீடுகளில். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே வீடுகளைக் காட்டி, "நம்ம தரை, நம்ம தரை" என்று நீ சொல்லிக்கொண்டே வருவாய். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள், இவர்களுக்கு ஊரெல்லாம் வீடு போலும் என்று நினைத்திருப்பார்கள். நீ படுத்த பிறகுகூட, ஆஸ்பத்திரியின் தரையைப் பார்த்து, "எவன் போட்டான் இத? எல்லாம் பொள்ளல்" என்றாய். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது உன் வீட்டுக்காரர் உன் சாக்கை என் தோளில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். உன் மேல் எனக்கு அன்று கோபம்தான் வந்தது. டியூபுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று சொன்னவள் நீதானே.

இப்போது இன்றைய கதை. மாமிக்கு வயதாகிவிட்டது, குச்சியூன்றி நடக்கிறாள். அடுக்களையை ஒட்டிச் சாப்பாட்டு அறை ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதன் தரை நம் பழைய தரையின் மட்டத்துக்குச் சேர வேண்டும். "அவளைத்தான் கூப்பிடணும்" என்று மருமகளிடம் மாமி சொல்லிவிட்டாளாம். என்னோடு வேலை செய்யும் பெண்கள் காலையில் வேறு சைட்டில் இருந்தார்கள், மதியம்தான் வருவார்கள். நான் தனியாக அளவெடுக்க வந்தேன். லேசர் லெவல் வண்டியில் இருந்தது. பொத்தானை அழுத்தினால் சுவர் முழுக்கச் சிவப்புக் கோடு போட்டுவிடும், யார் துணையும் வேண்டாம். தினமும் அதில்தான் வேலை செய்கிறேன், நல்ல சாமான். ஆனால் டியூபில் நீலத்தைப் பார்த்த பிறகு அதை எடுக்க மனம் வரவில்லை. இந்த வீட்டின் மட்டம் இதில் பார்த்தது, இதிலேயே பார்ப்போம் என்று வீம்பு.

நிரப்பிய டியூபின் ஒரு முனையைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பார்த்து நின்றேன். அது தரையில் கிடந்தது. மாமியால் இனி நின்று பிடிக்க முடியாது. பைத்தியக்காரி போலத்தான் நின்றிருப்பேன்.

"ஒத்தைக்கு நின்னு எந்தா செய்யுது?" என்று ஒரு குரல்.

மேஸ்திரி! முழங்கால் போய் அவர் வேலையை விட்டு நாளாயிற்று. வராகசாமி கோயிலுக்குத் தினமும் வருகிறாராம். என் வண்டியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார். பழைய தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையில் கிடந்த நீலத்தைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் குனிந்து, உன் முனையை எடுத்தார். எதிர்ச்சுவருக்குப் போய் நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

அன்று உனக்காக அக்குளை விட்டு வெளியே வராத கை அது. பார்த்தாயா?

என் முனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கேட்டேன்: "நின்னாச்சா?"

"நின்னில்ல மேஸ்திரி. ஆடுது."

"ஆடட்டும். வெள்ளத்துக்கு ஒரு அவசரமும் கெடையாது" என்றேன். உன் குரலே வந்தது போல இருந்தது. மாமி உள்ளேயிருந்து, "அவ சொல்றாப்பலேயே சொல்றாளே!" என்றாள்.

காத்திருந்தோம். பிறகு அவர் சொன்னார்: "இப்ப நின்னு மேஸ்திரி. கோடு போட்டோ."

கோடு போட்டேன். போட்ட பிறகு எனக்கு ஓர் ஆசை. மாமியிடம் சொம்பு கேட்டேன். மாமி தன் கையாலேயே விடுவேன் என்றாள். மருமகள் தோளைப் பிடித்துக்கொள்ள, பூஜை உள் வாசலோரத்தில், நாம் போட்ட வரிசையில், மாமி சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் இந்தமுறை யோசிக்கவேயில்லை. நாம் அன்று காட்டிய வழியில் நேரே ஓடி ஓவில் விழுந்தது. மேஸ்திரி எனக்குக் கைகூப்பினார். நான் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் கட்டைவிரலும் நீலம்.

மதியம் என் பெண்கள் வந்தார்கள். உன் கரண்டியில்தான் முதல் வரிசையைப் போட்டேன். இன்றும் நான் இழுப்பதில்லை, தள்ளுகிறேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தள்ளுகிறார்கள். புதிதாகப் பார்க்கிற கான்டிராக்டர்கள், உங்கள் செட்டு மட்டும் ஏன் இப்படித் தலைகீழாகப் பூசுகிறது என்று கேட்கிறார்கள். எங்கள் வழக்கம் இதுதான் என்று சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் வேலை முடிந்து சாமான்களைக் கழுவித் துடைத்துச் சாக்கில் போட்டேன். டியூபை மட்டும் வடிக்கவில்லை. தண்ணீர் உள்ளேயே இருக்கட்டும் என்று, உன் முனையையும் என் முனையையும் ஒன்றாகச் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன்.